அன்லெஸ் என்னும் சொல் அடைத்த வாசல்

முன்னொரு காலத்தில், வெள்ளைக்கார வணிகரின் கப்பல்கள் நம் கடலோரம் புதிதாகப் பாய் இறக்கிய நாள்களில், ஆற்று முகத்துவாரத்தை அடுத்த ஒரு நாட்டைச் செங்கழுநீர்ப் பூபதி என்னும் மன்னர் ஆண்டுவந்தார். அவர் நல்லவர், கொடையாளர், ஆனால் ஓர் ஆசை பிறந்தால் அது நிறைவேறும் வரை அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மன்னருக்கு ஒருநாள் ஆங்கிலத்தின் மேல் ஆசை பிறந்தது.

"வணிகர் தலைவரிடம் அடுத்த முறை யாமே நேரில் பேசுவோம். எமக்கு ஆங்கிலம் கற்பிப்பவர் யார்?" என்று அவையில் கேட்டார்.

அவையினர் அனைவரும் சேஷாசலத்தைப் பார்த்தனர். சேஷாசலம் அரண்மனைத் துபாஷி. இரு மொழி அறிந்து இரு தரப்பாருக்கும் இடையே நின்று பேசுபவரைத் துபாஷி என்பர். இரு தரப்பாரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருக்கும் வரையில்தான் துபாஷியின் அடுப்பு எரியும். இதனைச் சேஷாசலம் நன்கு உணர்ந்திருந்தார்.

"மகாராஜா, அது நாக்கைச் சுளுக்கவைக்கும் மொழி. திருவாய்க்கு அந்தச் சிரமம் எதற்கு? அடியேன் எதற்கு இருக்கிறேன்?" என்றார் அவர்.

"அடியேனுக்கும் கொஞ்சம் தெரியும், மகாராஜா," என்று ஒரு குரல் எழுந்தது. பேசியவர் அவை விகடரான கூத்தபிரான். அவர் அம்மொழியைக் கற்றது தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. வெள்ளைக்காரரின் பண்டசாலைக் குசினியில் சமையற்காரனுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்து, அதற்குக் கூலியாகச் சொற்களைப் பெற்றுக்கொண்டார். கண்ணீர் விட்டுக் கற்ற கல்வி என்று அவர் சொல்லிக்கொள்வதில் பொய் இல்லை. காலம் கடந்து கற்றவருக்கு வரும் பெருமை இளமையில் கற்றவருக்கு வருவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் புது நகை போல் எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

"ஓய் விகடரே, வெங்காயம் உரித்தவர்கள் எல்லாம் வாத்தியார் ஆகலாமா?" என்றார் சேஷாசலம்.

"ஆகலாம், துபாஷியாரே. உரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாத பொருளைப் பற்றி எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால்தான் உம்மோடு இத்தனை காலம் பழக முடிந்தது," என்றார் கூத்தபிரான்.

மன்னர் சிரித்தார். கூத்தபிரான் ஆங்கில ஆசிரியர் ஆனார். சேஷாசலத்தின் நெஞ்சில் அன்றே ஒரு தணல் விழுந்தது.

பாடம் ஒழுங்காகவே நடந்தது. பெயர்களையும் வினைகளையும் மன்னர் விரைவில் கற்றார். பிறகு நிபந்தனைச் சொற்கள் வந்தன. நிபந்தனை என்பது யாது? ஒரு செயலின் வாசலில் மற்றொரு செயலைக் காவல் நிறுத்துவதே நிபந்தனை எனப்படும். தமிழில் அதனை வினையின் வாலிலேயே ஒட்டிவிடுகிறோம். வந்தால், தந்தால், கேட்டால் என்கிறோம். ஆங்கிலேயரோ அதற்கெனத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கின்றனர். இடம் அறிந்து அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே கற்போர்க்குக் கடினம்.

"இத்தனை சொற்கள் எதற்கு? எதனை எங்கே சொல்வது?" என்று மன்னர் கேட்டார்.

"சொல்பவரின் கையைப் பாருங்கள், மகாராஜா," என்று கூத்தபிரான் விளக்கினார். "'இஃப்' என்பவர் கையை நீட்டிக்கொண்டு பேசுகிறார்: நீ வந்தால் தருவேன். 'ப்ரொவைடட்' என்பவர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்: முதலில் அதைச் செய்து முடி, பிறகு தருகிறேன். 'அன்லெஸ்' என்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்: நீ வந்தாலொழியக் கிடையாது."

"இன்னொன்று சொன்னீரே?"

"'ஈவன் இஃப்', மகாராஜா. நீ வராவிட்டாலும் தருவேன் என்பது."

"அவர் கை எங்கே இருக்கிறது?"

"அவர் கொடுத்து முடித்துவிட்டார், மகாராஜா."

"அது ஏமாளிகளின் சொல்!" என்றார் மன்னர். "அன்லெஸ். ஆகா! அரசனுக்கு ஏற்ற சொல் இதுவே."

அன்று முதல் மன்னர் அச்சொல்லை வெற்றிலையைப் போல் மென்றுகொண்டே இருந்தார். மோர் கெட்டியாக இருந்தாலொழியச் சமையற்காரனுக்கு மோதிரம் கிடையாது. நல்ல நேரம் சொன்னாலொழியச் சோதிடருக்கு நாற்காலி கிடையாது. மன்னன் எவ்வழி மன்னுயிர் அவ்வழி அன்றோ? பிரதானியின் மனைவியார், பருப்பு வாங்கி வந்தாலொழியக் குழம்பு கிடையாது என்று பிரதானியை வாசலோடு திருப்பி அனுப்பினாராம். கூத்தபிரான் இவற்றையெல்லாம் கேட்டு மகிழ்ந்தார். தாம் உரித்த வெங்காயம் நாடெங்கும் மணக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

மன்னருக்கு ஒரு தமக்கை இருந்தார். வடிவுடை நாச்சியார் என்பது அவர் பெயர். தாய் இறந்தபோது மன்னர் தவழும் குழந்தை. நாச்சியாரே அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். கணவரை இழந்து தம்பியின் அரண்மனைக்கே திரும்பி வந்த அவருக்கு, தம்பி முடி சூடிய மன்னர் என்ற நினைவு நாளில் பாதி நேரம் இருப்பதில்லை. துபாஷி மொழிபெயர்க்கும்போது, "இன்னொரு தரம் சொல்லும் பார்க்கலாம்" என்று கேட்கும் வழக்கம் அவருக்கு மட்டுமே உண்டு. இரண்டாம் முறை சொல்லும்போது பொருள் சற்று மாறிவிடுவதைச் சபையில் அவர் பலமுறை சுட்டிக்காட்டியிருந்தார். எனவே சேஷாசலத்துக்கு அவரைக் கண்டால் ஆகாது.

வணிகர் தலைவர் அவைக்கு வந்தார். மன்னர் எழுந்து நின்று, பல நாள் பயின்ற வாக்கியத்தை முழங்கினார். குதிரைகள் கொண்டுவந்தால் இன்னொரு பண்டசாலைக்கு இடம் தருவோம் என்பது அதன் பொருள். உச்சரிப்பு பிழைபடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகல அகலத் திறந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து நாச்சியார் கலகலவென்று சிரித்துவிட்டார். "ஏண்டா தம்பி, பால்சோறு ஊட்டினப்பகூட வாய இவ்வளவு தொறக்கலியேடா!"

அவையினர் உதட்டைக் கடித்துக்கொண்டனர். அம்மையார் சொன்னது என்ன என்று வணிகர் தலைவர் துபாஷியிடம் கேட்டார். மழுப்பிவிட்டிருக்கலாம், அதுவரை ஆயிரம் சொற்களை மழுப்பியவர்தாம். ஆயினும் அன்று சேஷாசலம் ஒரு சொல் குறையாமல், உப்பும் காரமும் சேர்த்து மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

மன்னரின் முகம் கன்றியது.

"அன்லெஸ்!" என்று தொடங்கினார். மீதியைத் தமிழில் சொன்னார். "வடிவுடை நாச்சியார் எம் பாதத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாலொழிய, கோட்டை வாசற்கதவு இனி அவருக்குத் திறவாது!"

கூத்தபிரான் அரியணைக்கு மிக அருகில் நின்றிருந்தார். ஒரு நகைச்சுவை, ஒரு தும்மல், ஒரு குட்டிக்கரணம், ஏதேனும் ஒன்று செய்திருந்தால் மன்னரின் கோபம் திசை மாறியிருக்கும். அதற்காகத்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். ஆனால் அந்தக் கணத்தில் அவர் மனத்தில் எழுந்தது வேறு ஒன்று. 'சரியான இடத்தில் சரியான சொல்! என் மாணவர் பிழையில்லாமல் தெரிந்தெடுத்துவிட்டார்!' என்று அவர் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி தீருமுன் முரசறைவோன் வெளியே சென்றுவிட்டான்.

இங்கே அந்நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். முரசில் ஏறிய கட்டளையை மன்னரும் திரும்பப் பெறுவதில்லை. திரும்பப் பெற்றால் அடுத்த கட்டளையை யார் மதிப்பார் என்பது முன்னோர் கருத்து. நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே கட்டளை நீங்கும்.

நாச்சியார் ஒரு மூட்டையோடு வாசலைக் கடந்தார். கடக்கும்போது காவலன் முத்திருளனிடம், "பனி ஜாஸ்தியா இருக்கு. காதுல துணி சுத்திக்கிட்டுப் படுக்கச் சொல்லு அவன" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆற்றைக் கடந்து அக்கரைச் சத்திரத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு நாளில் அம்மையார் வந்து காலைத் தொட்டுவிடுவார், எல்லாம் சரியாகும் என்று அரண்மனை நம்பியது. அவர் வரவில்லை. மன்னரின் கோபம் ஒரு வாரத்தில் ஆறியது, கட்டளை ஆறவில்லை. ஆண்டுகள் போயின.

ஒரு மாசி மாதத்தில் அரசியார் காய்ச்சல் கண்டு இறந்தார். அவரைத் தம்பிக்குப் பெண் பார்த்துத் தேர்ந்தவரே நாச்சியார். தலைவாரிப் பூச்சூட்டி அரண்மனைக்கு அழைத்துவந்தவரும் அவரே. அந்நாட்டுப் பெண்கள் மயானத்துக்குச் செல்வதில்லை. அவர்கள் அழவேண்டிய இடம் வீடு. வீடோ வாசலுக்கு உள்ளே இருந்தது. அக்கரை மணலில் நாச்சியார் தனியாக நின்று, இக்கரையில் எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் படகோட்டிகள் வந்து சொன்னார்கள்.

அன்று மாலை மன்னர் கூத்தபிரானை அழைத்தார். "அந்த மொழியில் இத்தனை சொற்கள் கற்பித்தீரே. சொன்ன ஒன்றைச் சொல்லாததாக ஆக்கும் சொல் ஒன்று உண்டா?"

"'சொல்லாதிருந்திருந்தால்' என்று கூறும் ஒரு வாய்பாடு உண்டு, மகாராஜா. கடைசிப் பாடமாக வைத்திருக்கிறார்கள்."

"அதனால் என்ன பயன்?"

"நடந்ததை அது மாற்றாது. நடக்காமல் போனதைத்தான் ஒழுங்காக வரிசைப்படுத்திக் காட்டும்."

"அந்தப் பாடம் எமக்கு வேண்டாம், ஆசிரியர் இல்லாமலே வந்துவிட்டது," என்றார் மன்னர். அதன்பின் ஆங்கில வகுப்பு நடக்கவில்லை. மன்னர் சிரிப்பதும் நின்றுபோயிற்று. சிரிக்காத மன்னரிடம் விகடருக்கு என்ன வேலை? கூத்தபிரான் அவைக்கு வருவார், நிற்பார், போவார்.

இந்நிலையில் ஒருநாள் அவைக்கு ஒரு செய்தி வந்தது. வடிவுடை நாச்சியார் காசிக்குப் புறப்படும் யாத்திரைக் கூட்டத்தோடு வெள்ளிக்கிழமை கிளம்புகிறார் என்பதே அது. அந்த வயதில் காசிக்குப் போகிறவர்கள் திரும்பும் எண்ணத்தோடு போவதில்லை.

மன்னர் அரியணையின் கைப்பிடியை இறுகப் பற்றினார். "எம் கட்டளை மீறப்படக் கூடாது. எம் தமக்கை எம் காலைத் தொடவும் கூடாது. ஆயினும் அவர் இந்த வாசலுக்குள் வந்தாகவேண்டும். இதற்கு வழி சொல்பவர் யார்?"

சேஷாசலம் மட்டும் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, பூட்டு வாங்கி வந்தவரிடமே சாவி கேட்பது உலக வழக்கம். 'அன்லெஸ்' என்னும் பூட்டு கூத்தபிரானார் கடையில் வாங்கியது. அவரே திறக்கட்டும். இயலாவிட்டால் அவரும் அம்மையார் சென்ற வழியே செல்வதுதானே நியாயம்?"

"திறந்துவிட்டால்?" என்றார் கூத்தபிரான்.

சேஷாசலம் பெருந்தன்மையாகச் சிரித்தார். "நாச்சியார் இந்த வாசலுக்குள் வந்தால், அவர் பல்லக்கை அடியேனே தோளில் சுமந்து வருகிறேன்."

மன்னர் கூத்தபிரானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை, கெஞ்சல் இருந்தது. நாடுகடத்தப்படுவதைவிட அந்தப் பார்வைதான் கூத்தபிரானைச் சுட்டது.

அவர் ஆற்றைக் கடந்து சத்திரத்துக்குப் போனார். நாச்சியார் வழிப்பயணத்துக்குப் பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருந்தார்.

"வா கூத்தா. தலையெல்லாம் பஞ்சாப் போச்சே. ஒக்காரு."

"அம்மா, தாங்கள் காசிக்குப் போகக் கூடாது."

"இது யார் சொல்றது? நீயா, அவனா?"

"மகாராஜாதான்."

"அவன் சொல்றதா இருந்தா அவன் வந்து சொல்லட்டும்," என்று நாச்சியார் மீண்டும் உலக்கையை எடுத்தார்.

இந்தப் பதிலைக் கூத்தபிரான் காதில் வாங்கினார், கருத்தில் வாங்கவில்லை. அவருடைய கருத்து முழுவதும் கட்டளையின் வாசகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒருமுறை காலைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்திருக்குமே. தங்களுக்கு அவ்வளவு மானமா?"

உலக்கை நின்றது. "மானமா? அடேய், அவன் கால்ல நெருஞ்சி முள்ளு ஏறினப்ப எத்தனை தடவ மடியில வெச்சுப் பிடுங்கியிருக்கேன் தெரியுமா? காலத் தொடறது எனக்குப் பெரிசா? ஆனா மூத்தவ எளையவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டா அவன் ஆயுசு கொறையும்டா. நான் தூக்கி வளத்த புள்ள. என் கையாலயே அவன் ஆயுச கொறைக்கணுமா? அதுக்கு இந்தச் சத்திரமே போதும்னு இருந்துட்டேன்."

கூத்தபிரான் தலை குனிந்தார்.

"கோவத்துல அவனுக்குத் தோணல. சரி, விடு. கூட இருந்த உங்க யாருக்குமா தோணல?" என்று கேட்டார் நாச்சியார். "நீ சொல்லிக் குடுத்த வார்த்த வெள்ளக்காரன் ஊர் வார்த்த. அதுக்கு நம்ம அக்கா தம்பி முறையெல்லாம் எப்படித் தெரியும்? ஒனக்குத் தெரியும்ல?"

கூத்தபிரான் கைகூப்பினார். "வாசல் வரையிலாவது வருவீர்களா?" என்று கேட்டார்.

"கூட்டம் கோட்டை வாசலுக்கு வெளிய இருக்கிற சாலையிலதான் வடக்க போகுது. பல்லக்கு ஒன்னு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. எறங்கிப் பாத்துட்டுப் போறேன். வாசலப் பாக்கக் கூடாதுன்னு மொரசு அடிக்கலியே?"

திரும்பும் வழியில் படகிலேயே கூத்தபிரானுக்கு வழி புலப்பட்டது. ஆற்றிலிருந்து பார்க்கையில் கோட்டை வாசல் நேர் எதிரே தெரிந்தது. நெடுநாள் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார், படகோட்டி பயந்துபோனான்.

வெள்ளிக்கிழமை காலையில் தச்சர்களையும் அரண்மனைப் பட்டத்து யானையையும் அழைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். கதவின் மேல்கட்டையைத் தச்சர்கள் தளர்த்தினார்கள். இரண்டு கதவுகளும் தாழிட்டபடியே இருக்க, யானை அவற்றைக் குடுமி என்னும் சுழல் முளையோடு தூக்கி எடுத்தது.

காவலன் முத்திருளன் அலறினான். "சாமி! கதவ எங்க சாமி தூக்கிட்டுப் போறீங்க? எனக்கு இருக்கிறதே இந்த ஒரு வேலதான்!"

"உன் பதவிக்கு வாசற்காவலன் என்றுதானே பெயர்? கதவுக் காவலன் என்று யார் சொன்னது? வாசல் எங்கேயும் போகவில்லை. காத்துக்கொள்," என்றார் கூத்தபிரான்.

செய்தி கேட்டு மன்னர் அவையினரோடு முற்றத்துக்கு வந்தார். சேஷாசலம் மூச்சிரைக்க முன்னால் ஓடிவந்தார். "மகாராஜா! கட்டளை மீறப்பட்டது! வாசல் திறந்து கிடக்கிறது!"

"துபாஷியாரே, நிதானம்," என்றார் கூத்தபிரான். "கட்டளை என்ன? வாசற்கதவு அம்மையாருக்குத் திறவாது என்பது. கதவு அதோ, அந்தப் புளியமரத்தில் சாய்ந்து நிற்கிறது. தாழ் இட்டபடி இருக்கிறது. ஐயம் இருந்தால் போய்த் தள்ளிப் பாரும். திறக்கிறதா என்று சொல்லும்."

சேஷாசலம் ஐயம் தீராதவராய் உண்மையிலேயே மரத்தடிக்குப் போனார். இப்பாலிருந்து ஒருமுறை தள்ளினார். சுற்றிக்கொண்டு போய் அப்பாலிருந்து ஒருமுறை தள்ளினார். கதவு அசையவில்லை. யானை அவரைக் கவலையோடு பார்த்தது.

முதலில் முத்திருளன் சிரித்தான். அடுத்து மன்னர் சிரித்தார். அரசியார் இறந்த பிறகு அரண்மனை கேட்ட மன்னரின் முதல் சிரிப்பு அது. "கூத்தபிரானே, வென்றீர்!" என்றார் மன்னர்.

யாத்திரைக் கூட்டம் வந்தது. பல்லக்கு இறங்கியது. நாச்சியார் மெல்ல நடந்து வாசற்படி வரை வந்தார். கதவில்லாத வாசலையும், புளியமரத்தடிக் கதவையும், யானையையும் பார்த்தார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு தோன்றி மறைந்தது. ஆனால் படியைத் தாண்டவில்லை.

மன்னர் உள்ளே, முற்றத்தின் நடுவில் நின்றார். "உள்ளே வரச் சொல்லும்," என்று கூத்தபிரானிடம் சொன்னார்.

நாச்சியாருக்கு அது காதில் விழுந்தது. "கூத்தா, நீ பண்ணின வேல நல்லாத்தான் இருக்கு. சிரிப்பாவும் இருக்கு. ஆனா அன்னிக்கு என்னப் போன்னு சொன்னவன் அவன் வாயால சொன்னான். இன்னிக்கு வான்னு ஒரு யானையில்ல சொல்லுது?"

புளியமரத்தடியில் சேஷாசலம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் மீண்டும் களை வந்தது. பல்லக்குத் தூக்கிகள் குனிந்து தண்டைப் பிடித்தார்கள்.

கூத்தபிரானிடம் வேறு தந்திரம் எதுவும் இல்லை. சத்திரத்தில் நாச்சியார் சொன்னதன் பொருள் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மன்னரின் அருகே போய், யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"மகாராஜா, அக்கட்டளையில் அம்மையார் உள்ளே வருவதற்குத்தான் நிபந்தனை இருக்கிறது. தாங்கள் வெளியே போவதற்கு ஒரு நிபந்தனையும் இல்லை. இன்றும் இல்லை. அன்றும் இருந்ததில்லை."

மன்னர் அவரை வெறித்துப் பார்த்தார். "இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் சொல்லவில்லை?"

"எனக்கே இப்போதுதான் தெரிந்தது, மகாராஜா. சொல்லைத் திறக்கும் வழியையே தேடிக்கொண்டிருந்தேன்."

எதிரி நாட்டின் மேல் படையெடுக்கும் வேளையில்கூட, குடையும் முரசும் இல்லாமல் மன்னர் கோட்டையைவிட்டு நடந்து போன வரலாறு அந்நாட்டில் இல்லை. செங்கழுநீர்ப் பூபதி நடந்தார். குடைபிடிப்பவன் பின்னால் ஓடினான். அவனைக் கையசைத்து நிறுத்தினார். வாசற்படியைத் தாண்டினார். பொதுச் சாலையின் புழுதியில், அவ்வளவு பேருக்கும் முன்னால், தமக்கையின் காலில் விழுந்தார்.

"எந்திரிடா. எல்லாரும் பாக்கறாங்க," என்றார் நாச்சியார்.

"பார்க்கட்டும் அக்கா."

"அழாத. ராசா மாதிரியா இருக்கு? மூக்க என் பொடவையில தொடைக்காதடா, காசிக்குன்னு துவைச்சுக் கட்டினது."

"காசிக்குப் போகாதே அக்கா. உள்ளே வா."

"இதுதானே? இத வந்து சொல்றதுக்கா இத்தனை வருஷம்?" என்றார் நாச்சியார்.

இருவரும் கைகோத்து உள்ளே வந்தார்கள். அப்போது சேஷாசலம் குறுக்கே வந்தார். "மகாராஜா, மன்னிக்கவேண்டும். அம்மையார் பாதம் தொடவில்லையே? நிபந்தனை..."

"நிபந்தனை நிறைவேறவில்லை, உண்மைதான். கதவும் திறக்கவில்லை. நீரே தள்ளிப் பார்த்தீர்," என்றார் கூத்தபிரான். "ஆனால் உம்முடைய நிபந்தனை நிறைவேறிவிட்டது. அம்மையார் வாசலுக்குள் வந்துவிட்டார். பல்லக்கு அதோ இருக்கிறது."

"அம்மையார்தான் நடந்தே வந்துவிட்டாரே! பல்லக்கில் யார் இருக்கிறார்?"

"பல்லக்கைச் சுமப்பேன் என்றுதான் வாக்களித்தீர். உள்ளே ஆள் இருக்கவேண்டும் என்று கேட்டீரா?"

வெற்றுப் பல்லக்கின் முன்தண்டைச் சேஷாசலத்தின் தோளில் ஏற்றினார்கள். அவர் மூன்று தூக்கிகளோடு தள்ளாடித் தள்ளாடி உள்ளே வந்தார். "கொஞ்சம் மெதுவா போங்க சாமி, உள்ள இருக்கிறவங்களுக்குக் குலுங்கப்போகுது!" என்றான் முத்திருளன். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாச்சியார் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மன்னர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குச் சூட்டி, ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு ஒன்றையும் அவருக்கு வரியில்லா இறையிலியாக அளித்தார். அவையினர் வாழ்த்தொலி எழுப்பினர்.

அந்த ஆரவாரத்துக்கிடையே நாச்சியார், "அவ இருந்த அறைக்குப் போகணும்" என்றார். மன்னரின் சிரிப்பு அடங்கியது. கூத்தபிரான் நாச்சியாரின் மூட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.

அரசியாரின் அறை கூட்டித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை. நாச்சியார் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். மன்னர் நின்றுகொண்டே இருந்தார்.

"அக்கா, அன்றைக்கு நீ இங்கே இருந்திருந்தால்..."

"இருந்திருந்தா என்ன? அவ பொழைச்சிருக்க மாட்டா. கடைசியா ஒரு தடவ அவ தலைய வாரி விட்டிருப்பேன். அவ்வளவுதான்."

மன்னர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூத்தபிரான் மூட்டையைச் சத்தம் கேட்காமல் சுவரோரமாக வைத்தார். அவர்கள் இருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் பின்னோக்கி நடந்து, தாழ்வாரத்தைக் கடந்து, முற்றத்துக்கு வந்தார். அங்கே பல்லக்கு இன்னும் சுற்றிவந்துகொண்டிருந்தது; அவையினர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விகடரைக் கண்டதும் அவர்களின் சிரிப்பு இரட்டித்தது. முத்துமாலையைச் சரிசெய்துகொண்டு அவரும் சிரித்தார்; அது அவருடைய வேலை.